பின்பக்கச் சரிவில் கொண்டோ: 21 நாளில் என்ன எழுதுவது?

கேள்வி: பினாங்கின் பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள சரிவில் இரண்டு கொண்டோ கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறதாம். ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் எழுதித் தரும்படி மாநகர் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. நான் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். கட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இப்போதே அடைமழை பெய்தால் கால்வாயில் செம்மண் தண்ணீர் ஓடுகிறது. "இயற்கையைக் காப்பாற்றுங்கள்" என்று 200 பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாதம்மா. கையெழுத்து வாங்குவதில் தப்பில்லை, சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது உதவும். ஆனால் மாநகர் மன்றத்தில் உங்கள் கடிதத்தைப் படிக்கப் போகிற அதிகாரியின் மேசையில் ஒரு வரைபடம் விரிந்து கிடக்கும். அதில் இயற்கை என்று எதையும் குறித்திருக்க மாட்டார்கள். சரிவு, ஓடை, மரம், கால்வாய் எல்லாம் இருக்கும். இவற்றில் எது எங்கே இடிக்கிறது என்று சொன்னால்தான் அவர் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும். அனுமதி கொடுத்த பிறகு சுற்றுச்சூழல் பேசுவது கல்யாணம் முடிந்தபின் ஜாதகம் பார்ப்பது மாதிரி. பெரும்பாலான சங்கங்கள் அப்போதுதான் வந்து நிற்கின்றன. நீங்கள் நேரத்தோடு கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 21 நாள் அதிலிருந்துதான் ஓடுகிறது. இந்த உரிமையைத் தருவது 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம், அதாவது 172ஆம் சட்டம். உள்ளூர்த் திட்டம் இன்னும் இல்லாத பகுதிகளுக்காகவே இந்த அறிவிப்பைச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆகவே கவுண்டரில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இந்த லாட்டுக்கு ரஞ்சாங்கான் தெம்பாத்தான் (அந்த உள்ளூர்த் திட்டம்தான்) அரசிதழில் வந்துவிட்டதா?" வந்திருந்தால் உங்கள் கை ஓங்கும். அந்தத் திட்டத்துக்கு முரணான எதற்கும் மன்றம் அனுமதி தரக் கூடாது என்று 22ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. திட்ட வரைபடத்தில் அந்த லாட் எந்த நிறத்தில் இருக்கிறது (நிலம் எதற்கு என்பதை நிறம் சொல்லும்), ஏக்கருக்கு எத்தனை வீடு என்று பாருங்கள்.

அப்புறம் எல்.சி.பி. அறிக்கையைப் பார்க்கக் கேளுங்கள். மேம்பாட்டாளர் தன் விண்ணப்பத்தோடு தர வேண்டிய மேம்பாட்டு முன்மொழிவு அறிக்கை அது. 1995 திருத்தத்துக்குப் பிறகு நிலத்தின் ஏற்ற இறக்கம், மண்ணியல், வடிகால், நீர்நிலை, மரங்களின் கணக்கு, பக்கத்து நிலத்துக்கு என்ன பாதிப்பு, எல்லாம் அதில் இருந்தாக வேண்டும். சுற்றுச்சூழல் மேலாண்மையைத் திட்டமிடலோடு சேர்ப்பது என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, நம் சட்டத்தில் அது இந்த அறிக்கைக்குள்தான் இருக்கிறது. படிக்கத்தான் ஆளில்லை.

படிக்கும்போது சரிவில் அதிக நேரம் செலவிடுங்கள். கடல்மட்டத்துக்கு மேல் 76 மீட்டர், அதாவது 250 அடி. சாய்வு 25 டிகிரி. இவை இரண்டும் பினாங்கில் மலைநிலத்துக்குப் போட்டிருக்கும் கோடுகள். சிறப்புத் திட்டம் என்ற பெயரில் விலக்கும் உண்டு, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். 25 டிகிரி என்றால் தரையில் 10 மீட்டர் போவதற்குள் 4.7 மீட்டர் ஏறிவிடுவது. சமஉயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) 5 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக வரைந்திருந்தால், அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 10.7 மீட்டருக்குக் குறைவாக உள்ள இடம் எல்லாம் 25 டிகிரியைத் தாண்டியது. 1:1000 படத்தில் அது ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும். பிள்ளையின் பள்ளிப்பையிலிருந்து ரூலரை எடுத்து வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். அறிக்கையில் "சராசரிச் சாய்வு 19 டிகிரி" என்பதுபோல ஒரு வரி இருந்தால் அங்கே நிறுத்திப் படியுங்கள். அடிவாரத்துச் சமதரையையும் சேர்த்துச் சராசரி போட்டால் எந்த மலையும் சாதுவாகிவிடும். 15க்குக் கீழ், 15 முதல் 25, 25 முதல் 35, அதற்கு மேல் என்று நான்கு வகுப்பாக நிறம் தீட்டிய சரிவு வரைபடத்தைக் கேளுங்கள். கட்டடத்தின் கால் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்து அதை அப்படியே கடிதத்தில் எழுதுங்கள். மலைச்சரிவைப் பாதிக்கும் திட்டம், அந்த இடமும் சுற்றுச்சூழல் ரீதியில் பாதிப்புக்குள்ளாகும் பகுதியாகத் திட்டத்தில் குறிக்கப்பட்டது என்றால், தேசிய நிலவமைப்புத் திட்ட மன்றத்தின் ஆலோசனையையும் பெற வேண்டும். பெற்றார்களா என்பது ஒரு வரிக் கேள்வி.

2017 அக்டோபர் 21 அன்று தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் சரிவு இறங்கி 11 தொழிலாளர்கள் மாண்டதும், இரண்டு வாரத்தில் தீவும் பெருநிலமும் மூழ்கியதும் உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுத்தது தண்ணீர். ஒரு ஹெக்டர் நிலத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 கன மீட்டர் தண்ணீர், அதாவது ஐந்து லட்சம் லிட்டர். நம் ஊரில் ஒரு நல்ல சாயங்கால மழைக்கே இவ்வளவு வந்துவிடும். காட்டில் விழுந்தால் மண்ணும் வேரும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். சிமென்ட் தரையில் விழுந்தால் எல்லாம் ஒரே மூச்சில் உங்கள் கால்வாய்க்கு வந்து சேரும். கட்டிய பிறகு வெளியேறும் உச்ச அளவு கட்டுவதற்கு முன் இருந்ததைத் தாண்டக் கூடாது என்பது வடிகால், நீர்ப்பாசனத் துறையின் மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேட்டின் அடிப்படை. 2000இல் வந்தது, 2012இல் திருத்தினார்கள். ஆகவே மூன்று கேள்வி: நீர்த்தேக்கத் தொட்டி எங்கே, எத்தனை கன மீட்டர், வீட்டை ஒப்படைத்த பிறகு யார் சுத்தம் செய்வது? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைக்கும் கொண்டோக்களில் முதலில் மறக்கப்படுவது நிலத்தடித் தொட்டிதான்.

மரங்களுக்குத் தையற்காரர் டேப் போதும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. உங்கள் வேலி ஓரம் நிற்பவற்றை அளந்து படம் எடுத்து வையுங்கள். மேம்பாட்டாளரின் மரக் கணக்கோடு ஒப்பிடலாம். இ.ஐ.ஏ., அதாவது சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, வேண்டுமா என்பது தனிச் சட்டம், தனித் துறை. எல்லாத் திட்டத்துக்கும் அது தேவைப்படாது. தேவையில்லை என்று சொல்லிவிட்டார்களே என்று சோர்ந்துபோக வேண்டாம், மேலே சொன்ன எதுவும் அதைச் சார்ந்தில்லை.

அனுமதி கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டே நிபந்தனைகளையும் எழுதிக் கேளுங்கள். முன்பு ஒரு தளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். வரைபடத்தில் அழகான வண்டல் குளம், அதாவது சேற்றுத் தண்ணீரைத் தேக்கி மண்ணைப் படியவிடும் குளம், நீலத்தில். தளத்தில் அந்த இடத்தில் இரும்புக் கம்பி அடுக்கியிருந்தார்கள். எஞ்சியிருந்த ஒரு மூலை விளிம்புவரை சேறு நிரம்பிப் புல் முளைத்துக் கிடந்தது. மண் வெட்டும் முன்பே குளம் தோண்டி முடிய வேண்டும், எப்போது தூர் வாரப்படும், மழைக் காலத்தில் எவ்வளவு பரப்பைத் திறந்து போடலாம், இதையெல்லாம் நிபந்தனையாகப் போட்டுவிட்டால் பிற்பாடு புகார் செய்ய ஒரு பிடி கிடைக்கும். இன்றே உங்கள் கால்வாயை ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு மழைக்குப் பிறகும் படம் எடுக்கத் தொடங்குங்கள். பின்னால் "முன்னரே இப்படித்தான் இருந்தது" என்று யாரும் சொல்ல முடியாது.

கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா வழக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பூங்கா நிலத்தில் உயர்ந்த கட்டடங்களுக்குத் தந்த அனுமதி செல்லாது என்று 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றம் உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நல்லினி பத்மநாதன். நகரின் பொதுவான வளர்ச்சிக்கு வழிகாட்டும் அமைப்புத் திட்டத்திலிருந்து மன்றம் விலகினால் காரணம் சொல்ல வேண்டும், குடியிருப்பாளர்களுக்கு வழக்காட உரிமை உண்டு என்பது அதன் சாரம். அங்கே பழைய புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு என்பதும் திட்டத்தோடு சேர்ந்தே வந்தது. இந்த மாதிரி முடிச்சுகளில் "மரமா, மனுஷனா" என்று கேட்பார்கள். உங்கள் திட்டத்தில் மலிவுவிலை வீடு இருந்தால், அதை வேண்டாம் என்று எழுதாதீர்கள். சமதரைப் பக்கம் நகர்த்துங்கள் என்று எழுதுங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். ஆட்சேபிக்கும் சட்ட உரிமை பக்கத்து நிலத்தின் உரிமையாளர்களுக்குத்தான். ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ கால்வாயோ நடுவே உள்ள நிலம், ஒரே முட்டுச்சந்துப் பாதையைப் பங்கிடுவது என்றால் 200 மீட்டருக்குள் உள்ள நிலம். வாடகைக்கு இருப்பவர்களின் பெயர் கணக்கில் வராது. ஆகவே வீட்டுப் பத்திரத்தில் பெயர் உள்ள 20 பேர் தனித்தனியாக, யூனிட் எண் போட்டு எழுதட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் "நேரில் விளக்கம் தர விரும்புகிறேன்" என்ற வரி கட்டாயம். கேட்டவர்களைத்தான் அழைப்பார்கள். முடிவு பிடிக்காவிட்டால், அது உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். அதற்கும் இப்போது ஆட்சேபம் எழுதியிருக்க வேண்டும்.

மலாயில் இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். மின்னஞ்சலோடு விடாமல் கவுண்டருக்கே போய், உங்கள் பிரதியில் தேதியோடு தெரிமா சாப் (பெற்றுக்கொண்ட முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.