வாசகர் கேள்வி – பதில்: கதிரை எந்த நாட்டுச் சொல்?

கேள்வி: ரீச்சர், நான் தரம் 4 படிப்பிக்கிறேன். கணித பாடத்தில் துடிப்பாக இருக்கிற பிள்ளைகள், சுற்றாடல் பாடத்தில் ஊர், கோட்டை, பழைய காலம் என்று தொடங்கினால் கொட்டாவி விடுகிறார்கள். நானும் வாசித்துக் காட்டி, கேள்வி போட்டு, விடையைக் கொப்பியில் எழுத வைப்பதைத்தான் செய்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியை, சுன்னாகம்

பதில்: பிள்ளைகளில் பிழை இல்லை, உங்களிலும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு 1619 என்பது வெறும் நாலு இலக்கம், அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கையால் தொடக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்குங்கள், அது உங்கள் வகுப்பறையிலேயே கிடக்கிறது.

சின்னச் சின்னத் துண்டுக் கடதாசி வெட்டி, கதிரை, மேசை, வாங்கு, யன்னல், அலுமாரி என்று எழுதி அந்தந்தப் பொருளில் பிள்ளைகளைக் கொண்டே ஒட்டுவியுங்கள். ஒட்டி முடிந்ததும், இந்தச் சொற்கள் எல்லாம் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை என்று சொல்லுங்கள். காலில் போடுகிற சப்பாத்தும் இடைவேளைக்குக் கொண்டுவந்த பாணும் அப்படித்தான் என்றதும் வகுப்பு ஒருமுறை குனிந்து தன் காலைப் பார்க்கும், நான் பார்த்திருக்கிறேன். பிறகு வீட்டிலே பெரியாக்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். யாராவது ஒரு பிள்ளை அப்பப்பாவிடமிருந்து 'கந்தோர்' என்ற சொல்லைக் கொண்டுவரும். அது ஒல்லாந்தர் விட்டுப்போனது, மேசை லாச்சியும் அவர்களுடையதுதான். ஒன்று மட்டும் கவனம்: மேசை, ஜன்னல் எல்லாம் தமிழ்நாட்டிலும் புழங்குகிற சொற்கள், ஆகவே எல்லாச் சொல்லும் யாழ்ப்பாணக் கரையில்தான் வந்து இறங்கியது என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த நாள் ஒரு நீளக் கயிறு, கொஞ்சம் துணிக் கிளிப். ஒரு சாண் பத்து வருசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1619இல் சங்கிலி மன்னனிடமிருந்து யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் போனது, 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள், 1948இல் சுதந்திரம். பிள்ளைகளே சாண் போட்டு அளக்கட்டும். போர்த்துக்கேயருக்கு நாலு சாண், ஒல்லாந்தருக்குப் பதினாலு, ஆங்கிலேயருக்குப் பதினைந்து, அதன் பிறகு இன்றுவரை எட்டுச் சாண் அளவில் வரும். கடைசியில் தங்கள் வயதை அளந்து பார்த்தால் அது ஒரு சாணே வராது, அந்த இடத்தில் வருகிற அமைதி எனக்கு மிகவும் பிடித்தது. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கேட்கும்: ஒல்லாந்தர்தானே கனகாலம் இருந்தவை, ஏன் போர்த்துக்கேயச் சொல் கூட? ஒல்லாந்தர் ஆட்சி செய்த காலத்திலும் கரையோரப் பட்டினங்களில் போர்த்துக்கேய மொழி பேச்சிலே இருந்துகொண்டுதான் இருந்தது என்று சொல்லுங்கள். ஆனால் உடனே சொல்லாதீர்கள், ஒரு நாள் யோசிக்க விடுங்கள்.

இதற்குப் பிறகு கோட்டைக்குக் கூட்டிப்போங்கள், முன்னால் அல்ல. மதிலில் கை வைத்துத் தடவச் சொல்லுங்கள், முருகைக்கல்லின் சின்னச் சின்னத் துவாரங்கள் விரலில் தட்டுப்படும், கடலுக்குள் இருந்த கல் இங்கே எப்படி வந்தது என்று அவர்களே கேட்பார்கள். போர்த்துக்கேயர் கட்டிய நாற்சதுரக் கோட்டையை ஒல்லாந்தர் ஐந்து மூலையாக மாற்றிக் கட்டியதை அங்கே நின்று சொன்னால் கொப்பியில் எழுதாமலே மனதில் நிற்கும்.

கேள்வி: என் மகனுக்கு இலங்கைப் படம் விளங்கவே இல்லை. வடக்கு எது என்று கேட்டால் கூரையைக் காட்டுகிறான். என்ன செய்வது?
— ஓர் அம்மா, கோண்டாவில்

பதில்: படம் சுவரில் தொங்குகிறது, வடக்கு மேலே இருக்கிறது, அவன் மேலே காட்டுகிறான், அவ்வளவுதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை, கொழும்புக்குப் போவது இறக்கமா என்று கேட்டாள், அன்றைக்கே படத்தைக் கழற்றி நிலத்தில் விரித்தேன். நீங்களும் அதைச் செய்யுங்கள், காலையில் சூரியன் வருகிற பக்கத்தைப் பார்த்துப் படத்தின் கிழக்கைத் திருப்பி வையுங்கள். கே.கே.எஸ். வீதியால் காங்கேசன்துறைக்குப் போகிறோமே, கடைசியில் கடல் வருகிறதே, அந்தப் பக்கம்தான் வடக்கு என்று விரலால் ஓடிக் காட்டட்டும். ஆனால் இலங்கைப் படத்துக்கு முன்னால் உங்கள் வளவை வரையச் சொல்லுங்கள்: கிணறு எங்கே, வேலி எங்கே, படலை எந்தப் பக்கம். கிணற்றைப் படத்தில் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்த பிள்ளைக்கு நாடு ஒரு பெரிய வளவு.

கேள்வி: இப்படிக் கயிறும் சாணும் என்று நின்றால் புலமைப்பரிசில் என்னாவது? பெற்றோர் அதைத்தான் கேட்பார்கள்.
— ஓர் ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: கேட்பார்கள், கேட்கட்டும். அந்த வினாத்தாளிலும் சுற்றாடல் கேள்விகள் வருகின்றன, கையால் அளந்த பிள்ளை அதை மறக்காது. கிழமையில் ஒரு பாடவேளை போதும்.

கேள்வி: குடும்ப மரம் வரைய விட்டேன். ஒரு பிள்ளை வெறும் தாளைத் தந்துவிட்டு அழுதது. வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதை கேட்கச் சொல்லவும் இப்போது பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், நல்லூர்

பதில்: அந்தப் பிழையை நானும் விட்டிருக்கிறேன், இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. எங்கள் வகுப்புகளில் தகப்பன் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை, அம்மம்மாவோடு மட்டும் வளர்கிற பிள்ளை, யார் எங்கே என்றே தெரியாத குடும்பத்துப் பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். மரத்தை விட்டுவிடுங்கள். எனக்குச் சோறு தருகிறவர், என்னைக் கூட்டிவருகிறவர், எனக்குக் கதை சொல்கிறவர் என்று வரையச் சொல்லுங்கள்.

கதை கேட்பதை மட்டும் நிறுத்தாதீர்கள். பெரியவர் ஒருவரை வகுப்புக்கே கூப்பிடுங்கள், அப்போது எந்தப் பிள்ளையும் தனியாக நிற்க வேண்டியதில்லை. கேள்வியைச் சின்னதாக்குங்கள். அந்தக் காலம் எப்படி இருந்தது என்றால் "நல்லா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். தோட்டத்துக்குத் தண்ணீர் எப்படி இறைத்தீர்கள் என்று கேட்டால், ஒருவர் துலாவில் ஏறி மிதிக்க, மற்றவர் கீழே பட்டையைப் பிடித்து ஊற்ற, என்று எழும்பி நின்று நடித்தே காட்டுவார்.

1995 இடப்பெயர்வும் வரும். தடுக்க வேண்டாம். வலிகாமமே ஒக்டோபர் கடைசியில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது, அது இந்தப் பிள்ளைகளின் வீட்டுக் கதை. என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்கு வந்த ஓர் ஐயா, தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார். பிள்ளைகள் குண்டைப் பற்றியோ ஆமியைப் பற்றியோ கேட்கவில்லை. அந்த மெசினின் காலுக்கு என்ன நடந்தது, திரும்பி வந்தபோது இருந்ததா என்றுதான் கேட்டார்கள். இருந்தது என்றார், கறள் பிடித்து, கோடிப் பக்கம் மழையில் கிடந்ததாம். இடைவேளை மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளை எழும்பவில்லை.