கேளுங்கோ கதைப்பம்: வீட்டுச் சுவரில ஒரு குடும்பப் படம்

போன இதழில ஒரு பதிலுக்குள்ள, வன்னியில கனக்க வீடுகளில எல்லாரும் சேர்ந்து நிக்கிற ஒரு குடும்பப் படம் கூட இல்லை, கமரா வச்சிருக்கிற பிள்ளையள் மனசு வச்சா அதைச் செய்து குடுக்கலாம் எண்டு எழுதியிருந்தன். அதுக்கு வந்த கடிதமும் வாட்ஸப் மெசேஜுமே இந்தமுறை பக்கத்தை நிரப்பிப்போட்டுது, மற்றக் கேள்வியளை அடுத்த இதழில பாப்பம்.

நான் கலியாணவீடு, சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்கிறனான். ஓடர் இல்லாத நாளில கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குக் காசு வாங்காமல் குடும்பப் படம் எடுத்துக் குடுக்க விருப்பம். எங்க இருந்து தொடங்கிறது?
வாசகர், கிளிநொச்சி

தம்பி, முதல்ல ஒண்டை முடிவெடுங்கோ, அந்தப் படம் ஆருக்கு எண்டு. எங்கட சனத்தைப் படம் எடுக்காத ஆக்கள் இல்லை. 2009இல இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக்பாம் காம்பில கம்பிக்குப் பின்னால நிக்கேக்க எடுத்தவை, 2012 செப்டெம்பரில அந்தக் காம்பை மூடி ஊருக்கு விடேக்க எடுத்தவை, பிறகு தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால, அரிசிப் பையோட, தையல் மெசினோட, ஆட்டுக்குட்டியோட, பின்னால ஒரு பானரையும் கட்டி எடுத்தவை. அதெல்லாம் ரிப்போட்டுக்குப் போச்சு, கொழும்புக்குப் போச்சு, வெளிநாட்டுக்குப் போச்சு. படத்தில நிண்ட மனுசிக்கு ஒரு கொப்பி குடுத்தவை எத்தினை பேர்? நீங்கள் எடுக்கிற படம் அந்த வீட்டுக்கு மட்டும் எண்டு இருக்கட்டும். பேஸ்புக்கில போடாதேங்கோ, உங்கட ஸ்ரூடியோப் பேரைக் கீழ மூலையில அடிக்கவும் வேண்டாம்.

அடுத்தது, "கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு" எண்டு சொல்லிக்கொண்டு போகாதேங்கோ. அப்பிடிச் சொன்னா வாற ஆக்களுக்கு நெத்தியில ஒட்டினமாதிரி, பக்கத்து வீட்டுக்காரர் பாத்துக்கொண்டிருப்பினம். ஒரு ஒழுங்கையைப் பிடிச்சு அந்த ஒழுங்கையில இருக்கிற எல்லா வீட்டுக்கும் எண்டு சொல்லுங்கோ, வசதியான வீடு ரெண்டு மூண்டு சேர்ந்தா சேரட்டும், அதால உங்களுக்கு ரெண்டு மூண்டு பிரிண்ட்தான் கூடச் செலவு. மாதர் சங்கத் தலைவியிட்டயோ முன்பள்ளி ரீச்சரிட்டயோ கேட்டுப்போட்டுப் போங்கோ, அவைக்குத் தெரியும் எந்த வீட்டில என்ன பிரச்சினை, எந்த நேரம் போகக்கூடாது எண்டு. முதல் நாள் போய்ச் சொல்லுங்கோ, மற்ற நாள் எடுங்கோ. கமராவோட நேர வாசலில போய் நிண்டா வேண்டாம் எண்டு சொல்ல மனம் இருந்தாலும் எங்கட சனம் முகத்துக்கு நேர சொல்லாது. சில வீட்டில, முந்தி இயக்கத்தில இருந்த ஆக்கள் இருந்தா, படமே வேண்டாம் எண்டுவினம், ஏனெண்டு கேக்காதேங்கோ, தேத்தண்ணி தந்தா குடிச்சிட்டு வாங்கோ.

நாள் எண்டா, வற்றாப்பளைப் பொங்கல், ஆவணி 15 மடுத் திருவிழா, தைப்பொங்கல் இப்பிடியான நாளுகள் நல்லம், வீட்டில இருக்கிற நல்ல உடுப்பு வெளிய வாற நாள் அது. மாரி தொடங்கினா கார்த்திகை, மார்கழியில வெளிச்சமும் இல்லை, முத்தமெல்லாம் சேறு. காலமை எட்டுக்கு முதல் அல்லது பின்னேரம் நாலுக்குப் பிறகு, மாமர நிழல் எண்டா இலைக்குள்ளால வெயில் புள்ளி புள்ளியா முகத்தில விழாத இடமாப் பாருங்கோ. பின்னால என்ன இருக்கோணும் எண்டதை அவையே சொல்லட்டும். நீர்வீழ்ச்சி போட்ட ஸ்ரூடியோச் சீலை வேணும் எண்டு ஒரு அம்மம்மா கேட்டா அதைக் கொண்டுபோய்க் கட்டுங்கோ, கிணத்தடி இயற்கையா இருக்கும் எண்டு நீங்கள் பாடம் எடுக்காதேங்கோ, அந்த மனுசி எத்தினை வருசமாக் கிணத்தடியைப் பாத்துக்கொண்டிருக்குது.

பிரிண்ட் கட்டாயம். ஃபோனுக்கு அனுப்பிவிடுறன் எண்டு விட்டா அந்த ஃபோன் உடையேக்க படமும் போயிடும். சுவருக்கு ஒரு 8க்கு 12, பிள்ளையளுக்குப் பிரிச்சுக் குடுக்க 4க்கு 6இல மூண்டு நாலு. போட்டோ லாப்பில அடிச்ச பிரிண்ட்தான் தாங்கும், வீட்டு பிரிண்டரில மை தெளிச்சு அடிக்கிறதில கனக்க, கூரை ஒழுக்கு ஒருக்காப் பட்டாலே கரைஞ்சுபோகும். பிரேமுக்குள்ள கண்ணாடி படத்தில முட்டாமல் சுத்திவர ஒரு மட்டை வையுங்கோ, தகரக் கூரை வீட்டுப் புழுக்கத்தில முட்டினது ஒட்டிப்பிடிச்சா பிறகு எடுக்கேலாது.

மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம். இவர் 2009இல காணாமல் போனவர், இவற்ற படம் எண்டு என்னட்ட இருக்கிறது ஐசி (அடையாள அட்டை) ஒண்டுதான். கலியாணப் படத்தில இவரையும் சேர்த்து ஒரு குடும்பப் படம் செய்யலாமெண்டு ஸ்ரூடியோவில சொல்லுகினம். அப்பிடிச் செய்தா செத்தவர் எண்டு நானே ஒத்துக்கொண்டமாதிரி எண்டு மாமியார் அழுகிறா. என்ன செய்ய?
வாசகி, நெடுங்கேணி

அக்கா, செய்யலாம். மாமி பயப்பிடுறதிலயும் நியாயம் இருக்கு, ஏனெண்டா ஸ்ரூடியோக்காரருக்குக் கை பழகினது இறந்த ஆக்களைச் சேர்க்கிற வேலைதான். சொல்லாமலே மாலை போட்டுவிடுவினம், தலைக்குப் பின்னால ஒரு ஒளிவட்டம் வைப்பினம், பக்கத்தில குத்துவிளக்கு, கீழ வருசம். அதுகள் ஒண்டும் வேண்டாம் எண்டு முதலே சொல்லுங்கோ, முடிஞ்சா எழுதிக் குடுங்கோ. நீங்கள் இண்டைக்கும் பொட்டு வைக்கிறியள், அவற்ற படத்துக்கு வீட்டில மாலை போடேல்லை எண்டா, இந்தப் படத்திலயும் அவர் எல்லாரையும்போல வேட்டி சட்டையோட மகளுக்குப் பக்கத்தில நிக்கட்டும். இதைச் சொல்லி மாமியையும் ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, கொம்பியூட்டரில செய்யேக்க பக்கத்தில இருந்து பாக்கட்டும்.

இப்ப ஐசிப் படம். அதை ஃபோனால எடுத்துக் குடுக்காதேங்கோ, மேல இருக்கிற பிளாஸ்டிக்கில வெளிச்சம் அடிக்கும். ஸ்கானரில வைச்சு 600 டிபிஐயோ அதுக்கு மேலயோ எடுக்கச் சொல்லுங்கோ, பிளாஸ்டிக்கை உரிக்க விடவே கூடாது, படமும் சேர்ந்து உரிஞ்சுவரும். ஆனா அதுக்கு முதல் ஒரு வேலை செய்து பாருங்கோ. வன்னிக்குள்ள இருந்த அல்பமெல்லாம் விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு ஓடின வழியில பங்கருக்குள்ளயும் ரோட்டிலயும் போச்சு, ஆனா அதுக்கு முதலே வெளிநாடு போன சொந்தக்காரருக்குக் கடிதத்தோட வைச்சு அனுப்பின படங்கள் அங்க பத்திரமா இருக்கு. கனடாவில, லண்டனில, ஜேர்மனியில அவற்ற அண்ணன் தம்பி, மச்சான்மார், கூடப் படிச்ச ஆக்கள் ஆரும் இருந்தா கேளுங்கோ. பழைய கலியாணவீட்டு வீடியோக் கொப்பியில அவர் பந்தியில நிக்கிற ஒரு துண்டு இருந்தாலும் அதிலயிருந்து முகம் எடுக்கலாம். ஐசியில எல்லாரும் பயந்த முகத்தோடதான் இருக்கிறம், சிரிச்ச முகம் ஒண்டு கிடைச்சா மகளுக்கு எவ்வளவு சந்தோசம்.

இன்னொரு விசயம், ஃபோனில இருக்கிற ஆப்பால வயசைக் கூட்டி இப்ப எப்பிடி இருப்பார் எண்டு செய்து தாறம் எண்டு சொல்லுவினம். அது உங்கட விருப்பம், என்னைக் கேட்டா வேண்டாம் எண்டுவன், அது உங்கட மனுசன்ர முகம் இல்லை, மிசின் நினைக்கிற முகம்.

படத்துக்குள்ள சேர்க்காமல் மகள் அவற்ற பிரேம் படத்தைக் கையில வைச்சுக்கொண்டு நிக்கிறமாதிரியும் எடுக்கலாம். ஆனா 2017 பெப்ரவரி 20இல இருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில, காணாமல் போன பிள்ளையளைத் தேடிப் போராடின அம்மாக்கள் அப்பிடித்தான் படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவை, கலியாணத்தண்டு அந்த நினைப்பு வேணுமோ வேண்டாமோ எண்டது உங்களுக்கும் மகளுக்கும்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கும் முதலே சொல்லிவைச்சா அண்டைக்கு ஒரு கதை வராது. கடைசியா ஒண்டு, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், ஆணைக்குழு எண்டு எங்க குடுத்தாலும் ஸ்கான் பண்ணின முதல் படத்தைத்தான் குடுக்கோணும், சேர்த்துச் செய்த படத்தை இல்லை.

என்ர மனுசனுக்கு ஷெல் பட்டு ஒரு கால் இல்லை. குடும்பப் படம் எண்டா இடுப்புக்கு மேல எடுக்கட்டாம், படம் எடுக்க வாற தம்பி முழுசா எடுத்தாத்தான் உண்மையா இருக்கும் எண்டுறார்.
வாசகி, ஒட்டுசுட்டான்

மனுசன் சொல்லுறதுதான் சட்டம். தம்பிக்கு உண்மை வேணும் எண்டா வேற இடத்தில தேடட்டும். எல்லாருக்கும் கதிரை போட்டு இருத்தி முன்னுக்குப் பிள்ளையளை விட்டாலும் வடிவா வரும்.

2018 வெள்ளத்தில நனைஞ்ச அல்பம் ஒண்டு அப்பிடியே ஒட்டிப்போய்க் கிடக்கு. எறிய மனம் வரேல்லை.
வாசகர், முரசுமோட்டை

எறியாதேங்கோ. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில சேத்துக்குள்ள கிடந்த படங்களை லட்சக்கணக்கில பொறுக்கி, தண்ணியில கழுவி, கொடியில கொழுவிக் காயவிட்டு ஆக்களிட்டத் திருப்பிக் குடுத்தவை, பிலிம் செய்யிற ஃபூஜிஃபிலிம் கம்பனியும் அதுக்கெண்டு ஆக்களை விட்டது. உங்கட படம் காய்ஞ்சு ஒட்டினது எண்டபடியால் கஷ்டம் கூட. முதல்ல இருக்கிற கோலத்திலயே பக்கம் பக்கமாப் படம் பிடிச்சு வையுங்கோ, பிறகு பழுதானாலும் அதாவது மிஞ்சும். அதுக்குப் பிறகு பெரிசா முக்கியமில்லாத ஒரு படத்தைக் குளிர்ந்த சுத்தத் தண்ணியில போட்டுப் பாருங்கோ, தானாக் கழண்டா மற்றதுக்கும் செய்யலாம், நிறம் கரையத் தொடங்கினா உடன எடுங்கோ. இழுக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது, வெயிலில காயவிடக்கூடாது, நிழலில படம் மேல பாக்கத்தக்கதா வையுங்கோ. இனி வெள்ளம் வந்து நனைஞ்சா ரெண்டு நாளுக்குள்ள பிரிச்சுக் காயவிட்டாச் சரி, அதுக்குப் பிறகுதான் பூஞ்சணம் பிடிக்கிறது.

சோத்துக்கே வழியில்லாத சனத்துக்குப் போட்டோ எதுக்கு? அந்தக் காசுக்கு அரிசி வாங்கிக் குடுக்கலாமே.
வாசகர், புதுக்குடியிருப்பு

அரிசியை நிப்பாட்டிப்போட்டுப் படம் எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லை. கேள்வி நியாயம்தான், சமையல் நடக்காத வீட்டுக்குப் பிரேமோட போறது சரியில்லை, அங்க முதல்ல அரிசியோட போங்கோ. ஆனா கஷ்டப்பட்ட ஆக்களுக்குச் சாப்பாடு மட்டும்தான் தேவை எண்டு நாங்கள் ஏன் முடிவெடுக்கிறம்? தாய் மாரடைப்பில செத்த வீட்டில கட்டவுட்டுக்குப் படம் தேடி அலையிறதைக் காணாத ஊர் இருக்கோ? படத்தாலயே நேர உதவி வேணும் எண்டா, ஓ எல் சோதினை எடுக்கப்போற பிள்ளையளுக்கு அடையாள அட்டைப் படம் பதிஞ்ச ஸ்ரூடியோவிலதான் எடுக்கோணும், அதுக்குக் காசில்லாமல் தள்ளிப்போடுற வீடுகள் இருக்கு, அந்தச் செலவைப் பொறுப்பெடுங்கோ. அதே நாள் அதே ஸ்ரூடியோவில தாயையும் இருத்தி ஒரு படம் எடுத்தா முடிஞ்சுது.

எங்கட ஊர்ச் சங்கத்தால இதுக்குக் காசு அனுப்பலாம் எண்டு கதைச்சிருக்கிறம். எடுத்த குடும்பப் படங்களை எங்கட ஆண்டு விழாவில காட்ட அனுப்பச் சொல்லலாமோ?
வாசகர், லண்டன்

அண்ணை, காசு அனுப்புங்கோ, படம் கேக்காதேங்கோ. அமெரிக்காவில ஜெரமி கவார்ட் எண்ட படப்பிடிப்பாளர் தொடங்கின ஹெல்ப் போர்ட்ரெயிட் எண்ட வேலை 2009 மார்கழியில இருந்து கன நாட்டில நடக்குது, அதில முதல் விசயமே எடுத்த படத்தை அந்த ஆக்களின்ர கையில குடுக்கிறதுதான், தங்கட விளம்பரத்துக்குச் சேர்க்கிறது இல்லை. கணக்குக் காட்டோணும் எண்டா லாப் பில், பிரேம்கடைப் பில், எத்தினை வீட்டுக்குக் குடுத்தது எண்டு மாதர் சங்கம் எழுதித் தாற கடிதம், இது காணும். உங்கட சங்க ஆக்களிட்ட வேற ஒண்டு கேளுங்கோ, அலுமாரிக்குள்ள இருக்கிற பழைய ஊர்ப் படங்களை ஸ்கான் பண்ணி, அதில நிக்கிற ஆக்களின்ர வீட்டுக்கே அனுப்பச் சொல்லி. சீருடையோட ஆரும் நிக்கிற படம் எண்டா அனுப்ப முதல் அந்த வீட்டுக்காரரிட்டக் கேளுங்கோ, அப்பிடியான படங்களைப் பயத்தில எரிச்ச, புதைச்ச வீடுகள் இஞ்ச கனக்க.