சைக்கிளில் போகும்போது காற்றிரைச்சல்: செவித்துணைக் கருவியைக் கழற்றலாமா?

சிங்கப்பூரின் பிடோக் வட்டாரத்தில் வசிக்கும் 67 வயது வாசகரின் கேள்வி: “இரு காதுகளிலும், காதுக்குப் பின்னால் மாட்டும் செவித்துணைக் கருவி அணிகிறேன். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிளை மிதிக்கத் தொடங்கியதும் காற்று இரைவதால் கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். பின்னால் மணியடித்து வருபவர்கள் கடிந்துகொள்கிறார்கள். காற்றுத் தொல்லையே இல்லாத புதிய கருவி வாங்கும்படி விற்பனையாளர் வற்புறுத்துகிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம் ஐயா; கழற்றவும் வேண்டாம். காற்றே வீசாத காலையிலும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் போனால் அதே வேகத்தில் காற்று எதிர்ப்பட்டு, காதுக்கு மேலே அமர்ந்திருக்கும் ஒலிவாங்கியின் துளையில் மோதிச் சுழல்கிறது. அதைத்தான் கருவி பெருக்கி இரைச்சலாகத் தருகிறது. விலை கூடிய கருவியில் இது குறையலாம். அடியோடு மறையும் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இரைச்சலைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. உணவங்காடியில் எதிரே இருப்பவரின் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, பல கருவிகள் சத்தம் கூடியதும் தாமாகவே முன்பக்க ஒலிக்கு முதலிடம் தந்து பின்பக்க ஒலியைக் குறைத்துவிடுகின்றன. சாப்பாட்டு மேசையில் உதவும் இந்த ஏற்பாடு, பாதையில் பின்னாலிருந்து வரும் மணியோசையை அமுக்குவதோடு காற்றிரைச்சலையும் கூட்டிவிடும். ஆகவே எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி வாங்கும்படியும், காற்றிரைச்சல் குறைப்பு இயங்கும்படியும், தாழ்ந்த ஒலிகளின் பெருக்கம் சற்றுக் குறையும்படியும் சைக்கிளுக்கென்று ஒரு தனி அமைப்பைச் செய்து தரும்படி உங்கள் செவிப்புலன் நிபுணரிடம் கேளுங்கள். புறப்படும் முன்பே அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தின் வார் ஒலிவாங்கியில் உரசாமல் இருக்கட்டும்.

அமைதியான அறையில் கருவியைப் பொருத்தி, “கேட்கிறதா?” என்று கேட்டு அனுப்பிவிடும் வழக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. வருபவர் எப்படி வாழ்கிறார் என்று விசாரிக்க நேரம் ஒதுக்காத சந்திப்பு முறையால்தான், அமைப்பை மாற்றினால் தீரக்கூடிய குறை ஆயிரக்கணக்கான வெள்ளி விற்பனையாகிறது. கடைத்தொகுதியில் மேசை போட்டு, “இலவசச் சோதனை, இன்று மட்டும் தள்ளுபடி” என்று அழைப்பவரிடம் முன்பணம் கட்டாதீர்கள். என்றாவது மாற்றியே ஆக வேண்டுமென்றால், சில வாரம் அணிந்து பார்த்துத் திருப்பித் தரலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அந்த வாரங்களில் சைக்கிளும் ஓட்டிப் பாருங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து அரசு மானியம் உண்டு என்பதால், முதலில் பொது மருத்துவமனையில் விசாரியுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை, இரு காதுகளையும் அது எட்டும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை கணிக்கிறது. ஒரு கருவி பழுதுபார்க்கப் போயிருந்தாலோ, ஒன்றின் பேட்டரி பாதி வழியில் தீர்ந்தாலோ, மணி கேட்கும். ஆனால் வலப்பக்கம் வருபவர் இடப்பக்கம் வருவதாகத் தோன்றி, அவர் பாதையிலேயே நீங்கள் திரும்பிவிடக்கூடும். ஒரு காதில் மட்டுமே கருவி அணிபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அத்தகைய நாளில் ஒலியை நம்பித் திரும்பாதீர்கள். கைப்பிடியில் பின்பார்வைக் கண்ணாடி பொருத்தி, அதில் பார்த்தபின், தலையைத் திருப்பியும் ஒருமுறை பார்த்துவிட்டே விலகுங்கள்.