78 வயதில் நுரையீரல் ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. வலது நுரையீரலின் ஓரத்தில் 1.8 செ.மீ. கட்டி. ஆரம்பநிலைப் புற்றுநோய், கீஹோல் முறையில் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். இந்த வயதில் கத்தி வைக்கலாமா என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். என்ன செய்ய?

பதில்: அப்பாவின் வயதை எழுதியிருக்கிறீர்கள், அவர் மாடிப்படி ஏறுவாரா என்று எழுதவில்லையே! இரண்டு மாடி நிற்காமல் ஏறுகிற 80 வயதுக்காரர் தாங்கும் ஆபரேஷனை, குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும் 65 வயதுக்காரர் தாங்காமல் போகலாம். மூச்சுத்திறன் சோதனை, எக்கோ என்கிற இதய ஸ்கேன் எல்லாம் எடுப்பது இதைக் கணக்குப் பார்க்கத்தான். வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பழைய முறையில் நெஞ்சின் பக்கவாட்டில் நீளமாகக் கீறி, விலா எலும்புகளை விரித்துப் பிடிப்பார்கள். அந்த வலியில் நன்றாக இரும முடியாது. சளி தேங்கும், நிமோனியா வரும். வயதானவர்களுக்குப் பெரிய ஆபத்தே அதுதான். கீஹோலில் சில சிறு துளைகள், ஒரு கேமரா, எலும்பை விரிக்கும் வேலை இல்லை. வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம்.

ஆனால் 'சின்ன ஆபரேஷன்' என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெளியேதான் சிறிய துளை. உள்ளே வெட்டுவது அதே நுரையீரலைத்தான், முழு மயக்கத்தில்தான். ரத்தக்கசிவு மாதிரி ஏதாவது வந்தால் பாதியில் திறந்த முறைக்கு மாறவும் நேரலாம். அது டாக்டரின் தோல்வி அல்ல.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: கட்டி இருக்கும் மடலை, அதாவது நுரையீரலின் அந்தப் பெரும்பிரிவை, முழுதாக எடுக்க வேண்டுமா, அதில் ஒரு பகுதி போதுமா? 2 செ.மீ.க்கு உட்பட்ட ஓரக் கட்டிகளுக்குப் பகுதியை மட்டும் எடுத்தவர்களின் ஆயுள் குறைந்துவிடவில்லை என்று 2022இல் வெளியான பெரிய ஜப்பானிய ஆய்வு காட்டியது. மிச்சமாகும் நுரையீரல் இந்த வயதில் பெரிய சொத்து. மூச்சுத்திறன் இடம் கொடுக்கவில்லை என்றால், கட்டியை மட்டும் குறிவைக்கும் துல்லியக் கதிர்வீச்சு இருக்கிறது. அப்பா என்ன சொல்கிறார்? கடிதத்தில் அது மட்டும் இல்லை.

சரி, ஆபரேஷன் என்று முடிவானால், புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்தட்டும். மூன்று பந்துக் கருவியில் மூச்சை இழுத்துப் பழகட்டும், தினமும் நடக்கட்டும். ஆபரேஷன் முடிந்ததும் விலாவில் ஒரு குழாய், அதன் முனையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். இருமும்போது அதில் குமிழி வந்தால் பதறாதீர்கள், காற்று வெளியேறுகிறது. நர்ஸிடம் சொன்னால் போதும்.

முதல் ஓரிரு இரவு அப்பா ஆள் அடையாளம் தெரியாமல் குழப்பமாகப் பேசலாம், இது எந்த வீடு என்று கேட்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். கண்ணாடியும் காது மெஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.