பி மெமோ ரசீது இருந்தால் இடம் சொந்தமாகிவிடுமா?

விழுப்புரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: மாமனார் காலத்திலிருந்து புறம்போக்கில் வீடு கட்டி இருக்கிறோம், வருடாவருடம் பி மெமோ கட்டிய ரசீது கட்டுக்கட்டாக இருக்கிறது. இப்போது நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்துவிட்டது. ரசீதுகளைக் கொடுத்தால் பட்டா வாங்கித் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பி மெமோ என்பது 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 'நீங்கள் அரசு இடத்தில் இருக்கிறீர்கள்' என்று எழுதிப் போடும் தண்டத் தீர்வை. அதைக் கட்டினால் எந்த உரிமையும் வராது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கரன்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாமே நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் சாட்சி, இடம் உங்களுடையது என்பதற்கு அல்ல. 12 வருடம் அனுபவித்தால் சொந்தம் என்று அந்தப் புரோக்கர் சொல்லியிருப்பாரே? அது தனியார் நிலத்துக்கு. அரசு நிலத்துக்கு 30 வருடம், அதையும் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அங்கே போய் இந்த ரசீதுகளை நீட்டினால் அரசு இடம் என்று நீங்களே வருடாவருடம் ஒப்புக்கொண்டதாகத்தான் எதிர்த்தரப்பு வாதாடும்.

கோபம் எனக்கும் உண்டு. ஒவ்வொரு பசலிக்கும், அதாவது வருவாய்த் துறையின் கணக்கு வருடத்துக்கும், மெமோ போட்டு, வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பான ஜமாபந்தியில் கணக்கை முடித்து, இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு, ஹைகோர்ட் உத்தரவு வந்ததும் ஜேசிபியோடு வருவது என்ன நிர்வாகமோ!

சரி, இப்போது முதலில் செய்ய வேண்டியது, ஊரின் ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்றிருந்தால் பட்டா ஆசையை விட்டுவிடுங்கள், மாற்று இடம் கேட்டு மனு கொடுங்கள். 'கிராம நத்தம்' என்றிருந்தால் மட்டும் கதையே வேறு. நத்தம் என்பது ஊர்க்காரர்கள் வீடு கட்டிக்கொள்ள விட்ட இடம், வீடு கட்டிக் குடியிருப்பவருடைய நத்தம் அரசுக்குச் சொந்தமில்லை, இந்தச் சட்டத்தை வைத்து அவரைக் காலி செய்ய முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. பேச்சு வழக்கில் நத்தத்தையும் புறம்போக்கு என்றே சொல்லிவிடுவதால், தாலுகா ஆபீஸில் வாய்ப்பேச்சாகச் சொல்வதை நம்பாமல் நகலைக் கையில் வாங்குங்கள். நத்தம் இடங்களை அளந்து பட்டா கொடுத்த நத்தம் நிலவரித் திட்டத்தில் மாமனார் பெயருக்குத் தோராயப் பட்டா (முதற்கட்டப் பட்டா) ஏதும் வந்ததா என்றும் பழைய பெட்டியில் தேடுங்கள்.

அப்புறம் நோட்டீஸ். 7-ஆம் பிரிவு உங்களை விளக்கம்தான் கேட்கிறது, காலி செய்யும் உத்தரவு 6-ஆம் பிரிவில் தனியாக வரும், அதன் மேல் அப்பீலும் உண்டு. நோட்டீஸில் போட்டிருக்கும் தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். நீர்நிலை போல் ஆட்சேபம் எழாத புறம்போக்காக இருந்து வரன்முறைக்கு, அதாவது குடியிருப்பை முறைப்படுத்திப் பட்டா தரச் சொல்லி, மனு போடுவதானாலும் நீங்களே நேரில் கொடுக்கலாம், நடுவில் ஆள் தேவையில்லை. ரசீதுகளின் அசலை யார் கேட்டாலும் தராதீர்கள், ஜெராக்ஸ் போதும்.