பெரிய டயர் போட்டால் கண்மாய்ச் சேறு தாண்டுமா?

கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டியான ஏ.டி.வி.யின் டயர் பற்றி வந்த கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஐப்பசி மழை இறங்குவதற்குள் டயர் வேலையை முடித்துவிடுவது நல்லது. கண்மாய் நிறைந்த பிறகு சேற்றில் நின்றுகொண்டு அளவு பார்க்க முடியாது.

கேள்வி: எங்கள் தென்னந்தோப்புக்குக் கண்மாய் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) வழியாகத்தான் போக வேண்டும். உரமும் தேங்காயும் ஏற்ற 4 வீல் டிரைவ் ஏ.டி.வி. வைத்திருக்கிறோம். முன்னால் 25x8-12, பின்னால் 25x10-12. மழைக்காலத்தில் வண்டியின் அடி தட்டி நின்றுவிடுகிறது. 27 இன்ச் டயர் போடலாமா? மட்கார்டில் உரசுமா?
(தேவகோட்டை வாசகர்)

பதில்: 25 என்பது டயரின் மொத்த உயரம், 8 அகலம், 12 ரிம் அளவு. எல்லாமே இன்ச். 25லிருந்து 27க்குப் போனால் உயரம் 2 இன்ச் கூடுகிறது. ஆனால் ஆக்ஸில் டயரின் நடுவில் இருப்பதால் வண்டியின் அடி 1 இன்ச்தான் மேலே ஏறும். அந்த ஒரு இன்ச்சுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

டயர் பெரிதானால் அதே கியரில் தரையில் இழுக்கும் பலம் குறையும். 27க்கு ஏறத்தாழ 7 சதவீதம் போய்விடும். டயர் எடையும் கூடுவதால் புறப்படும்போது வண்டி மந்தமாகும். இந்தச் சுமை முழுவதையும் தாங்குவது, இன்ஜினின் சுழற்சியை முன் கப்பியிலிருந்து பின் கப்பிக்குக் கொண்டுபோகும் வேரியேட்டர் பெல்ட். உரமூட்டையோடு சேற்றில் நின்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், டயர் சுற்றாமல் கப்பி மட்டும் பெல்ட்டைத் தேய்க்கும். ரப்பர் கருகும் வாசனை வரும். பெல்ட்டில் ஒரே இடம் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு முறை புறப்படும்போதும் வண்டி குலுக்கும்.

உங்கள் வேலைக்கு 26 இன்ச், 6 பிளை (டயரின் பலத்தைக் குறிக்கும் எண்), பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) ஆழமான டயர் போதும் என்பதே எங்கள் முடிவு. உயரம் அரை இன்ச்தான் கூடும், ஆனால் உள்வாய் வண்டலில் வண்டியை நகர்த்துவது உயரத்தைவிட பட்டன்தான். பட்டன்களுக்கு இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கமான பட்டன் என்றால் வண்டல் அப்பிக்கொண்டு நாலே சுற்றில் டயர் வழுவழுவென்று ஆகிவிடும்.

27தான் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் உரசுமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு இன்ச் கனமுள்ள தெர்மோகோல் துண்டைப் பழைய முன் டயரின் பட்டன் மேல் டேப் போட்டு ஒட்டுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அந்தப் பக்கத்து ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, ஷாக் முழுவதும் அமுங்கினால் சக்கரம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு உயரத்துக்கு ஜாக்கியால் தூக்குங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். துண்டு கிழிந்தால் அங்கே 27 உரசும். முக்கால்வாசி வண்டிகளில் முதலில் இடிப்பது மட்கார்டு அல்ல, கால் வைக்கும் தட்டின் முன் மூலைதான். புது டயர் அகலமும் கூடியதாக இருந்தால், உள்பக்கம் டயருக்கும் டை ராடுக்கும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) நடுவே, டயருக்கும் ஷாக்குக்கும் நடுவே ஒரு விரல் போகிறதா என்றும் பாருங்கள். சும்மா நிற்கும் வண்டியில் இடைவெளியைப் பார்த்துவிட்டு டயர் வாங்கினால், முதல் வரப்பில் இறங்கும்போதே பிளாஸ்டிக் கிழியும்.

27 போட்டபின் லோ கியரை மறக்காதீர்கள். சுமையோடு ஊர்ந்து போகும்போதும் சேற்றில் இறங்கும்போதும் லோதான். முழு ஆக்ஸிலேட்டரில் இன்ஜின் ஆர்.பி.எம். முன்பு தொட்ட அளவைத் தொடவில்லை என்றால், முன் கப்பியின் வெயிட்டுகளை இலகுவாக்கி, பின் கப்பிக்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட வேண்டும். இது கிளட்ச் (இந்தக் கப்பிகள்) கழற்றும் டூல் உள்ள மெக்கானிக்கின் வேலை. சுத்தியலால் தட்டிக் கழற்ற விடாதீர்கள், கப்பியின் முகம் கோணிவிடும். வேகமானி கியர்பாக்ஸிலிருந்து ஓடும் வண்டியில் 40 காட்டும்போது உண்மையில் 43 போய்க்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: செலவைக் குறைக்க முன்னால் மட்டும் பெரிய டயர் போடலாமா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: 4 வீல் டிரைவ் வண்டியில் வேண்டவே வேண்டாம். முன்னும் பின்னும் டயர் சுற்றளவு ஒரு கணக்கில் இருக்கும் என்று வைத்துத்தான் கியர் விகிதம் அமைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் பின் சக்கரம் வழுக்கினால்தான் முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) பிடிக்கும். முன்னால் மட்டும் பெரிதாக்கினால் முன் சக்கரம் மெதுவாகச் சுற்றும். அதனால் வழுக்காத இடத்திலும் டிஃபரன்ஷியல் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில் கனக்கும், பெல்ட் சூடாகும், ஒரு நாள் டிஃபரன்ஷியலே போகும். பின்னால் மட்டும் பெரிதாக்கினால் நேர்மாறு, தேவையான நேரத்தில் முன் சக்கரம் பிடிக்காது.

நான்கையும் மாற்றினாலும் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி உண்மையான உயரம் மாறும். காற்றைச் சரியாக அடித்து, டயரிலும் சிமெண்ட் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை நேராகத் தள்ளி, டயரின் கோடு மறுபடி தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே டேப் வைத்து அளந்து 3.14ஆல் வகுத்தால் உண்மையான உயரம் வந்துவிடும். பழைய டயர்களைக் கழற்றும் முன்பே முன்னும் பின்னும் இப்படி அளந்து எழுதி வையுங்கள். புது டயரிலும் அந்த முன்-பின் விகிதம் மாறக் கூடாது.

கேள்வி: சீமைக்கருவேல முள் மாதம் இரண்டு பஞ்சர் கொடுக்கிறது. பெரிய டயர் என்றால் முள் தாங்குமா?
(கல்லல் வாசகர்)

பதில்: பெரிது என்பதற்காக முள் தாங்காது. பார்க்க வேண்டியது பிளை. பல ஏ.டி.வி.களில் கம்பெனி போட்டுத் தரும் டயர் மெல்லியது. 6 பிளை அல்லது 8 பிளை என்று பக்கச் சுவரில் அச்சிட்டதை வாங்குங்கள். அது பலத்தைக் குறிக்கும் எண், உள்ளே அத்தனை அடுக்கு இருக்கிறது என்று அர்த்தமில்லை. 8 பிளை கனமும் விறைப்பும் கூடியது, செம்புறாங்கல் சரளையில் தூக்கிப்போடும். முள்ளுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் நம் பக்கத்துக்கு 6 பிளை பொருத்தம்.

பட்டன் பகுதியில் முள் ஏறிய ஓட்டையை ஸ்ட்ரிப் (பஞ்சர் அடைக்கும் ரப்பர் திரி) போட்டு அடைக்கலாம். பக்கச் சுவரில் ஏறியதை ஸ்ட்ரிப்பால் அடைக்கக் கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிவதால் ஸ்ட்ரிப் பிதுங்கி வெளியே வரும். கருவேல முள்ளின் நுனி உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிடுவதுதான் பெரிய தொல்லை. வெளியே ஒன்றும் தெரியாது, இரவில் காற்று மெல்ல இறங்கியிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஊசிமூக்குக் குறடால் நுனியைப் பிடுங்கிய பிறகே ஸ்ட்ரிப் போடுங்கள்.

கேள்வி: பஞ்சர் கடையில் புது டயரை மாட்டி 30 பவுண்டு காற்று அடித்துக் கொடுத்தார்கள். வண்டி பந்து மாதிரி குதிக்கிறது. எவ்வளவு அடிப்பது சரி?
(புதுவயல் வாசகர்)

பதில்: 30 காருக்கு. ஏ.டி.வி.க்குப் பொதுவாக 5 முதல் 7 பவுண்டுதான், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் ஸ்டிக்கரில் இருக்கும். கார் கேஜில் 5க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள். 5 பவுண்டு உள்ள டயர் 20 டிகிரி சூடேறினால் 6ஐத் தாண்டிவிடும், சித்திரை வெயிலில் அது சாதாரணம்.

அதிகக் காற்று தேவைப்படுவது டயரின் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க மட்டும். அதற்கும் பக்கச் சுவரில் ஒரு உச்ச அளவு அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. விளிம்பு முழுவதும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ் தடவினால் பின்னால் டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும். சுழலும் திசை காட்டும் அம்புக்குறியைச் சரிபாருங்கள். வால்வின் ஊசியைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாக உள்ளே போகும். ‘டப்’ என்று இரண்டு சத்தம் கேட்க வேண்டும், பக்கத்துக்கு ஒன்று. உச்ச அளவு வந்தும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவித் தொடங்குங்கள். டயர் மேல் குனிந்துகொண்டு அடிக்கவே கூடாது. உட்கார்ந்ததும் ஊசியைப் போட்டு, காற்றை வண்டிக்குரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டின் கூம்பு முகம் ரிம் பக்கம் இருக்கட்டும். எதிரெதிராக முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 15, 20 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறை. புது ரிம் உட்காரும்போது நட்டு தளர்வது வழக்கம்.

கேள்வி: உரசாமல் இருக்க 2 இன்ச் லிஃப்ட் கிட், ஸ்பேசர் இரண்டும் போடச் சொல்கிறார்கள். ரிம்மும் மாற்றலாமா?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: 26 இன்ச்சுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவைப்படாது. லிஃப்ட் கிட் போட்டால் வண்டியின் உடல் உயர்ந்து ஆக்ஸில் சாய்ந்து வேலை செய்யும். அதன் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் சீக்கிரம் கிழிந்து, மணல் புகுந்து ஜாயிண்ட் கடகடக்கும். ஸ்பேசர் சக்கரத்தை வெளியே தள்ளுவதால் பேரிங்குக்குச் சுமை கூடும், ஹேண்டில் உதறும். உரசல் ஒரு மூலையில் மட்டும் என்றால் அந்தப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வளைப்பதோ, அரை இன்ச் சீவுவதோ மலிவு.

ரிம் மாற்றுவதானால் போல்ட் வட்டம் பாருங்கள், அதாவது எத்தனை போல்ட், அவை அமைந்த வட்டத்தின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று. ஹோண்டா, யமஹா ஏ.டி.வி.களில் பெரும்பாலும் 4/110, கேன்-ஆமில் 4/137, பொலாரிஸில் 4/156. நான்கு ஓட்டை இருக்கிறதே என்று வாங்கினால் மாட்டாது.

ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். பதிவு செய்யாத ஏ.டி.வி.யைத் தோப்பிலிருந்து பள்ளத்தூர் சாலைக்கு ஏற்றாதீர்கள். பதிவு செய்த வண்டி என்றால், டயர் அளவை மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்த வண்டியில் செய்யும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.