கேட்கத் தயங்கும் பெண்களுக்கு: கேள்வி பதில்

பதில் சொல்பவர் வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற பாளையங்கோட்டை அக்கா.

கேள்வி: அக்கா, வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல் முழுக்க நான்தான். முதலாளி கேட்டால் "எல்லாருமா சேர்ந்து முடிச்சிட்டோம்" என்றுதான் வாயில் வருகிறது. சம்பள உயர்வு என்னோடு சேர்ந்த பையனுக்குப் போய்விட்டது.

பதில்: நீங்களே பங்கு வைத்துக் கொடுத்துவிட்டால் முதலாளி என்ன செய்வார்? மாதாந்திரத் தாக்கல் என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிக் கணக்குப் படிவம் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. "நான் பொறுப்பெடுத்த பிறகு தாமதக் கட்டணமே கட்டலை, சார்" என்று சொல்லுங்கள். வியாபாரிக்கு அது உடனே புரியும். கையோடு எவ்வளவு உயர்வு வேண்டும் என்ற தொகையையும் சொல்லிவிடுங்கள், "பார்த்துச் செய்யுங்க" என்று விட்டுவிடாதீர்கள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மட்டும் போய் நிற்க வேண்டாம்!

கேள்வி: தென்காசியில் பொதுத்துறை வங்கி கிளார்க். ஆபீசர் பரீட்சை எழுதினால் எங்கேயாவது தூக்கிப் போட்டுவிடுவார்களோ? மகள் பத்தாவது.

பதில்: பரீட்சையே எழுதவில்லை, அதற்குள் பெட்டி கட்டியாச்சா? வேலை நன்றாகத் தெரிந்த எத்தனையோ பெண்கள் இப்படியே கவுண்டரில் ரிட்டயர் ஆனதைப் பார்த்திருக்கிறேன். முதலில் எழுதுங்கள். பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் இருக்கும் ஊரிலோ பக்கத்திலோ போடச் சொல்லி மத்திய நிதி அமைச்சகம் 2014-இல் பொதுத்துறை வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. உத்தரவாதம் கிடையாதுதான், ஆனால் மனுவில் காட்டிக் கேட்க ஒரு பிடி. அப்புறம், வீட்டில் "போகட்டுமா?" என்று கேட்காதீர்கள். "நான் போனா யார் யார் எதைப் பார்க்கிறது?" என்று பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அல்வா வாங்கித் தட்டில் வைத்துக் கொடுப்பது நான்தான். மறுக்கலாமா?

பதில்: "நீங்க ஜங்ஷன் வழியாத்தானே வாரீங்க, வாங்கிட்டு வந்திருங்க சார்." சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். திருநெல்வேலியில் அல்வா வாங்கத் தெரியாத ஆம்பிளை உண்டா?

கேள்வி: பேறுகால விடுப்பு முடிந்து கங்கைகொண்டானில் மறுபடி வேலைக்கு வந்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் "சாரி" சொல்கிறேன்.

பதில்: முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு 2017 சட்டத் திருத்தம் தந்தது, மேனேஜர் தந்த சலுகை இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று எச்.ஆருக்கு மெயில் போடுங்கள். அதையும் "சாரி" என்று ஆரம்பித்துவிடாதீர்கள்.